என் கையெழுத்து ஒட்டிய பெட்டிகள்

14 மார்ச் 2006

இன்று கடையில் என் மேஜைக்குப் பதினொரு கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். இடைவெளி விடும் நீளக் கட்டையை வலப்பக்கம் அழுத்தினால் வேலை செய்தது, இடப்பக்கம் அழுத்தினால் செய்யவில்லை. வாங்க வந்தவர் ஏதோ அலுவலகத்தில் அதிகாரியாம். நொடிக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியோட குடுத்துடுங்கம்மா. வீட்டுல போய்ப் பார்த்துக்கறேன்."

"உட்காருங்க. இருபது நிமிஷம்."

உட்கார்ந்தார். வாங்குகிறவர் கண்ணெதிரே பெட்டியைப் பிரிக்க வேண்டும். எல்லா எழுத்தையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டும். பிறகு அட்டையில் தேதி, மெஷின் எண், என் கையெழுத்து. என் கணவர் இருந்த காலத்திலேயே நான் வைத்த சட்டம் இது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, சட்டம் இருக்கிறது. அதிகாரி அந்தக் கட்டை சிக்கியதைத் தன் விரலாலேயே அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மதியம் மகன் வந்தான். ஏழாவது கடைக்கு இடம் பேசி முடித்துவிட்டானாம். கால்பந்து மைதானம் அளவு.

"ஏழு கடையிலயும் நீங்க எப்படிம்மா போய் உட்காருவீங்க?"

"நான் ஏன் உட்காரணும்? ஆளைப் பழக்கு."

"இருபது நிமிஷம் பொறுமையா உட்கார யாரையும் பழக்க முடியாதும்மா. அது உங்களுக்கு மட்டும் வந்திருக்கிற வியாதி."

பின்னால் டாக்டர் சிரித்தார். டாக்டர் என்றால் எங்கள் மெக்கானிக். மெஷினைத் திறக்குமுன் அதன்மேல் காதை வைத்துக் கேட்பார். அதனால் அந்தப் பெயர். நான் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

2 மே 2006

ஏழாவது கடை திறந்தார்கள். கடை என்று சொல்லக்கூடாதாம், சூப்பர் ஸ்டோராம். கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் போட்டு உருட்டிக்கொண்டு போகிறார்கள், உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி. கூட்டம் தெரு முனை வரை நின்றது. பெயர்ப்பலகையில் அவர் பெயர், ஆள் உயரத்துக்கு. இரண்டாவது எழுத்துக்கும் மூன்றாவது எழுத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம். சொன்னேன். "யாரும் பார்க்க மாட்டாங்கம்மா" என்றான்.

நான் பார்த்தேனே.

19 ஜனவரி 2008

மருமகள் வெள்ளைத்தாள் ஒரு கட்டும் கறுப்பு மைப் பேனா ஒன்றும் கொண்டுவந்தாள். விளம்பரமெல்லாம் இப்போது அவள் பொறுப்பு.

"அத்தை, பன்னிரண்டு கடையிலயும் வர்றவங்க 'அம்மா பார்த்த மெஷினா'ன்னுதான் கேக்கறாங்க. உங்க கையெழுத்து இருந்தாப் போதும், அப்படியே எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதை ஸ்டிக்கரா அடிச்சிடலாம்னு இவர் சொல்றார்."

கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு ஐந்து வருடமும் முதல் பரிசு எனக்குத்தான். மதர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து மற்ற வகுப்புகளுக்கும் காட்டுவார். பதினொரு தரம் போட்டேன். ஏழாவதாகப் போட்டதில்தான் கடைசி வளைவு சரியாக விழுந்தது. நல்லதா என்று டாக்டரைக் கேட்டேன்.

"அச்சுல அடிச்சா அது கையெழுத்து இல்ல மேடம். படம்."

"உங்களை யாரும் கேக்கல."

உண்மையில் நான்தான் கேட்டேன்.

8 மார்ச் 2008

ஸ்டிக்கர் வந்துவிட்டது. நீள்வட்டம், பொன்னிற ஓரம், உள்ளே என் கையெழுத்து. மேலே 'அம்மா பார்த்தாச்சு' என்று போட்டிருக்கிறார்கள். அச்சில் இப்படியா எழுதுவது? 'பரிசோதிக்கப்பட்டது' என்று போடச் சொன்னேன். "அதைப் படிச்சா கிளினிக் மாதிரி இருக்கும் அத்தை" என்றாள். அரைமணி நேரம் அவளோடு வாதம் செய்தேன்.

அதை எதன்மேல் ஒட்டப்போகிறார்கள் என்று கேட்கவில்லை.

30 ஜூலை 2010

மேஜையை எடுத்துவிட்டார்கள். பில் போடுவதற்கு இன்னும் இரண்டு கவுன்ட்டர் வேண்டுமாம். எனக்குத் தலைமை அலுவலகத்தில் நான்காம் மாடியில் அறை. கதவில் பித்தளைப் பலகை, 'தரப் பரிசோதனைத் தலைவர்' என்று. நல்ல காகிதத்தில் முகவரி அட்டை ஐந்நூறு. எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

டாக்டரைத் திரும்பி வருகிற சரக்குக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஊருக்கு வெளியே. என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது நான் அறைக்குத் திரைத்துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

4 ஆகஸ்ட் 2010

அறைக்கு யாரும் வருவதில்லை.

11 நவம்பர் 2012

முப்பத்தெட்டாவது கடை. நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு மாடி உயரத்துக்கு என் முகம். மூக்குக் கண்ணாடி ஒன்றே ஒரு கார் அளவு இருக்கும். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "அம்மா, நீங்க!" என்றார். அது நான்தான் என்று எனக்குத் தெரியாதா? பேசாமல் ஓட்டும்படி சொன்னேன். ஆனால் திரும்பி வரும்போதும் அதே சாலையில் வரச் சொன்னேன்.

எனக்குப் பிடித்திருந்தது. இந்த நோட்டிலாவது பொய் எழுதக்கூடாது.

மகன் புதுத் திட்டம் போட்டிருக்கிறான். பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளில் திருப்பிக் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை மாதத்தில் பிள்ளைகள் பிரிண்டர் வாங்கிப் போய், இருநூறு பக்கம் அடித்துவிட்டு, மை தீர்ந்ததும் 'பிடிக்கவில்லை' என்று கொண்டுவருகிறார்களாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "வந்துட்டுப் போறாங்கம்மா. வர்றவன் சும்மா போக மாட்டான், இன்னொண்ணு வாங்குவான்."

திரும்பி வந்த பிரிண்டரெல்லாம் எங்கே போகிறது? தோன்றியது. சாப்பாடு ஆறுகிறதே என்று விட்டுவிட்டேன்.

21 மே 2013

டாக்டர் நான்கு மாடி ஏறி வந்தார். லிஃப்ட்டில் வராமல் ஏன் மூச்சிரைக்க ஏறி வர வேண்டும் என்று முதலில் அதைத்தான் கேட்டேன். லிஃப்ட்டில் வந்தால் எல்லோரும் பார்ப்பார்களாம்.

"கிடங்குல நடக்கறது சரியில்ல மேடம். திரும்பி வர்ற சரக்கை…"

"கிடங்குக்கு ஒரு மேனேஜர் இருக்கார் இல்லையா? அவர்கிட்ட சொல்லுங்க."

"அவர் சொல்லித்தான் நடக்குது."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் மகன் கடையைப் பற்றி என்னிடமே கோள் சொல்ல ஒருவர் நான்கு மாடி ஏறி வருகிறார். முறைப்படி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவர் என் பித்தளைப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

ராத்திரி மகனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், "டாக்டருக்கு வாய் நீளமாகிவிட்டது" என்று.

14 ஜூன் 2013

டாக்டருக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. ஒரு கைக்கடிகாரம் கொடுத்தோம். நன்றியுரை நான் எழுதியது. ஒரு பிழை கிடையாது.

9 பிப்ரவரி 2015

கீழே கடைக்குப் போனேன். அவரும் நானும் தொடங்கிய முதல் கடை. அதன் மாடியில்தான் இன்னும் குடியிருக்கிறேன். உள்ளே ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் மெஷினைத் தொடுகிறார்கள், தட்டுகிறார்கள், எடை பார்க்கிறார்கள், விற்பனைப் பெண்ணிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்கிறார்கள். பிறகு மாடல் எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். வாசலிலேயே நின்று இன்டர்நெட்டில் வேறு எவனிடமோ வாங்குகிறார்கள். எங்கள் ஏசி காற்றில், எங்கள் வெளிச்சத்தில்!

மகன் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறான். கண்காட்சிக்கு வைத்திருக்கும் மெஷின்களில் மாடல் எண்ணின்மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொல்லிவிட்டான். ஒரு கிழவர் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எதைம்மா மறைக்கறீங்க?" என்று கேட்டார்.

மாடிக்கு ஏறி வந்துவிட்டேன். ஒரு வருடத்தில் நான்கு கடை மூடியாகிவிட்டது.

6 நவம்பர் 2016

ஒரு தையல்காரப் பெண் மாடிக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. தன் மகள் நர்ஸ் படிப்புக்கென்று கீழே எங்கள் கடையில் வாங்கிய மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள், பெட்டியோடு.

"கடையில கேட்டா புதுசுதான்னு சாதிக்கறாங்கம்மா. நீங்க பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதான் உங்ககிட்டயே வந்தேன்."

திறந்தேன். ஐந்தாறு எழுத்துகள் தேய்ந்திருந்தன. உள்ளே யாருடைய குழந்தையோ குளிக்கும் படங்கள். யாரோ தன் மேலதிகாரிக்குப் பாதி எழுதிய மன்னிப்புக் கடிதம். புதிது என்று விற்ற மெஷினில் ஒரு குடும்பமே குடியிருக்கிறது. பெட்டியின்மேல், மூடியும் மூடியும் சேரும் இடத்தில், என் ஸ்டிக்கர். கடைசி வளைவு அழகாக விழுந்திருந்தது.

"இதை நீங்க பார்த்தீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பார்த்தேன். கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன். கவனிக்காமல்! என் வாழ்க்கையிலேயே ஒரு மெஷினைக் கவனிக்காமல் விட்டதில்லை. பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட எனக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது.

என் அறையில் இருந்த புது மெஷினை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணெதிரே இருபது நிமிடம் தட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். போகும்போது, "நீங்க இருக்கீங்கன்னு தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தைக்குப் பதிலாக இரண்டு அறை அறைந்துவிட்டுப் போயிருக்கலாம்.

7 நவம்பர் 2016

மகனை வரச்சொன்னேன். மேஜைமேல் அந்த மெஷின். எழுத்துத் தேய்ந்த இடத்தை விரலால் காட்டினேன்.

"ஒண்ணு ரெண்டு தப்பிப் போயிருக்கும்மா. முப்பது கடை நடக்குது."

"யாருக்குக் காது குத்தற?"

தலையைக் குனிந்துகொண்டான். "திரும்பி வர்றதைக் கம்பெனிக்காரன் எடுத்துக்க மாட்டேங்கறான். தூக்கிப் போட முடியுமா? நல்லா ஓடற மெஷின்தானேம்மா எல்லாம்?"

"அப்ப பழசுன்னு சொல்லி வித்திருக்கணும்."

"பழசுன்னா யாரு வாங்குவா?"

"அதனால என் கையெழுத்தை ஒட்டி ஊர் தலையில கட்டினியாடா?"

எத்தனையோ வருடம் கழித்து 'டா' வந்துவிட்டது. அவன் முகம் சிறுவன் முகமாகி, மறுபடி ஐம்பது வயதாகிவிட்டது. "நிறுத்திடறேம்மா" என்றான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

3 டிசம்பர் 2016

டாக்டர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தரம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கு வேண்டியதுதான். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார். உட்காரும்படி நான்கு தரம் சொன்ன பிறகுதான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம்."

"இப்ப சொல்லுங்க."

சொன்னார். முதலில் எல்லாப் பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்களாம். பிறகு அதற்கு ஆள் போதவில்லை. புதுப்பெட்டிக்குத்தான் கம்பெனி முத்திரை இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த பெட்டியில் அந்த முத்திரை டேப் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டு ஒரு விரல் நீளம். என் ஸ்டிக்கர் ஒன்றரை விரல் நீளம். வெட்டின்மேல் ஒட்டினால் கச்சிதமாக மூடிக்கொள்ளும்.

"அப்ப என் கையெழுத்து இருந்தா…"

"பழசுன்னு அர்த்தம் மேடம். கடை ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். 'அம்மா பெட்டி'ன்னு பேரு. விவரம் தெரியாத கிராக்கி வந்தா, 'உள்ளேர்ந்து ஒரு அம்மா பெட்டி எடுத்துட்டு வா'ம்பாங்க."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். டீ வந்தது. குடித்தேன். சூடா, சர்க்கரை இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. எழுந்தபோது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. "படியில் கைப்பிடி ஆடுகிறது, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

15 ஜனவரி 2017

கீழே போய்ப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

22 ஜனவரி 2017

ஞாயிறு. மகனும் மருமகளும் சாப்பிட வந்தார்கள். நான் கேட்பேன் என்று அவன் காத்திருந்தான், தெரிந்தது. கேட்கவில்லை. ஏன்? முப்பது கடை, இரண்டாயிரம் ஊழியர்கள், எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நல்ல காரணம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த முகத்தையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டேன். "போதும்மா" என்றான்.

18 ஏப்ரல் 2017

ஒன்றுமில்லை. அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

23 ஆகஸ்ட் 2017

நுகர்வோர் பாதுகாப்புத் துறையிலிருந்து கிடங்கில் சோதனை. இருநூற்றுக்கும் மேற்பட்ட புகார்களாம். ஸ்டிக்கர் சுருள்களை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போகிறார்கள். எல்லாம் டி.வி.யில் பார்த்தேன். ஒரு சுருள் நழுவி அவிழ்ந்து, வாசற்படியிலிருந்து வேன் வரை நீளமாக ஓடியது. நூற்றுக்கணக்கில் என் பெயர். அதிகாரிகள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

29 ஆகஸ்ட் 2017

மகன், மருமகள், வக்கீல் மூவரும் வந்தார்கள். வக்கீல் டை கட்டியவர், குரல் மெத்தென்று இருக்கிறது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அம்மா, ஆவணப்படி தரப் பரிசோதனைத் தலைவர் நீங்க. அதனால பரிசோதனை முழுக்க உங்க மேற்பார்வையிலதான் நடந்ததுன்னு ஒரு வார்த்தை. 'வயசாச்சு, எங்கேயோ பிசகிடுச்சு'ன்னு இன்னொரு வார்த்தை. அவ்வளவுதான்."

"என்ன ஆகும்?"

"எழுபத்து நாலு வயசு அம்மாவை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கண்டிச்சு விட்டுடுவாங்க. கம்பெனி தப்பிச்சிடும்."

"நான் தப்பு பண்ணினேன்னு சொல்லணும். அதானே?"

மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எனக்கு எல்லாமே போயிடும். நான் உங்க பிள்ளை இல்லையா?"

மருமகள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "அத்தை, உங்களுக்கு உங்க பேர்தான் பெரிசு" என்றாள்.

ஆமாம். பெரிசுதான். ஆனால் இவன்? பால் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவன், கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தவன். இப்போதும் ஒளியத்தான் இடம் கேட்கிறான். நான் பெத்தவ. இல்லேன்னு சொல்ல முடியுமா? ஐயோ, எப்படிச் சொல்றது?

11 செப்டம்பர் 2017

நாளைக்கு. வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை மூன்று தரம் படித்தேன். இரண்டு எழுத்துப்பிழை. திருத்தி வைத்தேன், அதைச் சொல்வதா என்று முடிவு செய்யவில்லை.

12 செப்டம்பர் 2017

சிறிய அறை. மின்விசிறி, இரும்பு பீரோ, ஒரு பக்கம் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். விசாரணை அதிகாரி ஒரு பெண், முப்பது வயதுக்குள். எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டாள். மகனும் வக்கீலும் சுவரோரம். மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்தாள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாம்."

"நீங்களே குடுத்ததா, உங்களுக்குத் தெரியாம எடுத்துக்கிட்டாங்களா?"

"நானே குடுத்தது. பதினொரு தரம் போட்டேன். நல்லதாப் பார்த்துக் குடுத்தேன்."

வக்கீல் தலையசைத்தார். இதுவரை அவர் தாளில் இருந்தபடிதான்.

"இந்தப் பெட்டியை நீங்க திறந்து பார்த்தீங்களா?"

தாள் என் கைப்பையில் இருந்தது. சொல்ல வேண்டியது மூன்று சொல், 'என் மேற்பார்வையில் பார்த்தார்கள்'. மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்ல. 2010 ஜூலைக்கு அப்புறம் விக்கப் போற ஒரு பெட்டியையும் நான் திறக்கல."

வக்கீல் இருமினார்.

"பழசைப் புதுசுன்னு விக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பத்து மாசமா தெரியும். அதுக்கு முன்னாடி ஒருத்தர் சொல்ல வந்தார். சொல்ல விடல. அப்பவே தெரிஞ்சிருக்கலாம்."

"தெரிஞ்சதும் என்ன பண்ணினீங்க?"

"மகன்கிட்ட சொன்னேன். நிறுத்தறேன்னான். நிறுத்தல. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இதை எழுதினா உங்க மேலயும் வரும்."

"எழுதுங்க."

எழுதினாள். படித்துப் பார்க்கக் கொடுத்தாள். 'திறக்கவில்லை' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது சுவரோரம் வக்கீல் மட்டும் இருந்தார்.

13 செப்டம்பர் 2017

உண்மைக்காகச் சொன்னேனா, கையெழுத்துக்காகச் சொன்னேனா? ஊருக்காகவா, அந்தத் தையல்காரிக்காகவா? ஒரு தவறும் செய்யாதவள் என்று எல்லோர் முன்னாலும் ஒருதரம் நின்று காட்டுவதற்காகவா? பத்து மாதம் பூசி மெழுகிவிட்டு ஒரே நாளில் புனிதவதி ஆகிவிட முடியுமா?

தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

30 நவம்பர் 2017

தீர்ப்பு. கம்பெனிக்கு அபராதம், மகன் ஐந்து வருடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் இயக்குநராக இருக்கக்கூடாது. எனக்கும் அபராதம்; வளையல்களை விற்றுத்தான் கட்ட வேண்டும். கடைகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். மகன் வரவில்லை. போன் அடித்தால் மருமகள் எடுத்து, "வேலையா இருக்கார் அத்தை" என்கிறாள். என்ன வேலை?

17 பிப்ரவரி 2018

கீழே கடைசி நாள் விற்பனை. அலமாரி, விளக்கு, தள்ளுவண்டி எல்லாம். ஜனங்கள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் என் ஆளுயர அட்டைப் படத்தை வாங்கி ஆட்டோவில் படுக்க வைத்து எடுத்துப் போனார். எதற்கு என்று மாடியிலிருந்து கேட்டேன். "கோழிக்கூண்டுக்குத் தடுப்பு வைக்கம்மா" என்றார். அது நான்தான் என்று அவர் கவனிக்கவில்லை.

மாலையில் ஷட்டர் இறங்கிய சத்தம் கேட்டது. பூட்டிய கடை ஊழியன் நிமிர்ந்து ஒருதரம் மாடியைப் பார்த்தான். ஒரு காலத்தில் அவனைச் சட்டைப் பொத்தான் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவள் நான்.

5 ஆகஸ்ட் 2018

மகன் வந்தான். பதினொரு மாதம் கழித்து. இளைத்திருக்கிறான். செருப்பை வாசலிலேயே கழற்றினான். முன்பெல்லாம் உள்ளே வந்துதான் கழற்றுவான். உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

முன்பு எங்களுக்குப் போட்டியாக இரண்டு ஷட்டர் கடை வைத்திருந்தவர் இப்போது பெரிய கிடங்கு வைத்திருக்கிறார். இன்டர்நெட்டில் விற்கிற பொருட்களை வாங்கி வைத்து அனுப்புகிற வேலை. அவரிடம் வேலை கேட்டிருக்கிறான்.

"எடுத்துக்கறேன்னார். ஆனா…" கையைப் பிசைந்தான். "உங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னார்."

"நான் உன் அம்மா. அம்மா எழுதறதை யாரு ஒத்துக்குவா?"

"அதையேதான் நானும் கேட்டேன். 'உங்கம்மா பெத்த பிள்ளைன்னு பார்க்க மாட்டாங்க. அவங்க எழுதினா நம்பலாம்'னு சிரிக்கறார்மா. எல்லார் முன்னாடியும்."

பேனா எடுத்தேன். முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். அதில் 'நேர்மையானவர்' என்று வந்துவிட்டது, தானாக. இரண்டாவது தாளில் எழுதியது இதுதான்:

'இவர் என் மகன். இருபத்தாறு ஆண்டுகள் கடை நடத்தினார். எல்லோருக்கும் முன்பு வந்து எல்லோருக்கும் பின்பு போவார். ஊழியர் ஒருவரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். திரும்பி வரும் சரக்கை இவர் பொறுப்பில் விட வேண்டாம். மற்ற எந்த வேலையையும் நம்பிக் கொடுக்கலாம்.'

படித்தான். மறுபடி படித்தான்.

"கடைசிக்கு முந்தின வரியை மட்டும் எடுத்துட முடியாதாம்மா?"

"முடியாது."

"அது இருந்தா வேலை குடுப்பாரா?"

"தெரியாது."

பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். பஸ் போய்விடும் என்றான்.

13 ஆகஸ்ட் 2018

மருமகள் போன் செய்தாள். இன்று முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம்.

"என்ன வேலை?"

"லாரியில ஏத்தறதை எண்ணி எழுதற வேலை அத்தை. பெட்டி திறக்கற பக்கம் இவரை விடல."

பின்னால் அவன் குரல் கேட்டது, சாப்பாட்டு டப்பா எங்கே என்று. அவனைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. முதல் நாளே தாமதமாகிவிடப் போகிறது, டப்பாவை எடுத்துக் கொடு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.